மின் நிலையத்துக்கும் கேஸ் பைப்லைனுக்கும் நடுவில் யார் யாரிடம் பேச வேண்டும்?

கொங்கு_டர்பைன்

எல்லோருக்கும் வணக்கம். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், கேஸில் ஓடும் ஒரு கம்பைண்ட் சைக்கிள் மின் நிலையத்தில் வேலை பார்க்கிறேன். சுமார் 600 மெகாவாட், பிஜேஎம் என்ற நிறுவனம் இயக்கும் மின் கிரிட். டர்பைன் பக்கம் எனக்கு நல்ல பழக்கம். சமீபத்தில் எரிபொருள் ஒருங்கிணைப்பும் என் பொறுப்புக்கு வந்திருக்கிறது. கேள்வி அதைப் பற்றித்தான்.

போன ஜனவரியில் ஓர் இரவு. மறுநாள் மின்சாரத்துக்கு முந்தின நாளே ஏலம் நடக்கும் மார்க்கெட்டில் எங்களுக்குக் கிடைத்த ஷெட்யூல்படி காலை ஏழு மணிக்கு மேல்தான் முழு லோடு. ஆனால் குளிர் எதிர்பார்த்ததைவிடக் கூடிவிட்டது. ராத்திரி பதினொன்றரைக்கு பிஜேஎம்மின் கிரிட் மேசையிலிருந்து போன் வந்தது, நாலு மணிக்கே மெஷினை ஏற்றுங்கள் என்று. ஏற்றினோம். ஐந்தரை மணி வாக்கில் கேஸ் யார்டில் இன்லெட் பிரஷர் மெல்ல இறங்கத் தொடங்கியது. 480 பி.எஸ்.ஐ.யில் இருந்தது 455 ஆச்சு, அப்புறம் 440. போர்டு ஆபரேட்டர் என் முகத்தைப் பார்க்கிறார்.

பைப்லைன் கம்பெனியின் 24 மணி நேர நம்பரைக் கூப்பிட்டேன். எடுத்தவர் கேட்ட முதல் கேள்வி: "உங்கள் மணிவாரிக் கணக்கு என்ன? எங்களிடம் நாள் மொத்தம் மட்டும்தான் இருக்கிறது." அடுத்தது: "நேற்றே ஓ.எஃப்.ஓ. போட்டிருக்கிறோமே, உங்களுக்கு வரவில்லையா?" ஓ.எஃப்.ஓ. என்பது கேஸ் எடுப்பதைக் கட்டுப்படுத்த பைப்லைன் போடும் உத்தரவு. அந்த நோட்டீஸ் எங்களுக்கு கேஸ் வாங்கித் தரும் ஏஜென்ட்டின் மின்னஞ்சலுக்குப் போயிருக்கிறது. பிளாண்ட் கன்ட்ரோல் ரூமுக்கு வரவே இல்லை. கிரிட் மேசையைக் கேட்டால், பைப்லைன் நிலவரம் பற்றி எங்களால் எதுவும் சொல்ல முடியாது என்று முடித்துவிட்டார்கள். லோடில் 150 மெகாவாட் குறைத்து, பத்து மணி வரை சமாளித்தோம்.

எனக்குப் புரியாதது இதுதான். மூன்று கன்ட்ரோல் ரூம். மூன்றிலும் 24 மணி நேரமும் ஆள் இருக்கிறார்கள். எல்லோரிடமும் போன் இருக்கிறது. பின் ஏன் தகவல் போய்ச் சேரவில்லை? யார் யாருக்கு எதைச் சொல்ல வேண்டும் என்று விதி ஏதாவது உண்டா? "இதெல்லாம் ஏஜென்ட் வேலை, நீ மெஷினைப் பார்" என்கிறார் என் மேலாளர். எனக்கு மனம் ஒப்பவில்லை.

---

குழாய்வழி

தம்பி, அன்றைக்கு லோடைக் குறைத்தது சரியான முடிவு. பிரஷர் இறங்குகிறபோது பிடிவாதமாக ஓட்டி மெஷின் ட்ரிப் ஆகி, அதாவது தானாக நின்று போயிருந்தால், விடிகாலையில் கிரிட்டுக்கு ஒரே அடியில் 600 மெகாவாட் போயிருக்கும்.

நான் பல வருடம் ஒரு பைப்லைன் கம்பெனியின் கேஸ் கன்ட்ரோலில் இரவு ஷிஃப்ட் பார்த்தவள். இப்போது மின் நிலையங்களுக்கு எரிபொருள் ஏற்பாடு செய்யும் பக்கம் இருக்கிறேன். இரண்டு பக்கமும் உட்கார்ந்து பார்த்ததால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

விதி உண்டு. 2007 ஜூனில் ஃபெர்க், அதாவது மத்திய எரிசக்தி ஒழுங்குமுறை ஆணையம், 698-ஆம் ஆணையைப் போட்டது. நேஸ்பி என்ற தொழில்துறை அமைப்பு எழுதிய தகவல் தொடர்பு நெறிகளை அது கட்டாயமாக்கியது. மாநிலம் தாண்டிப் போகும் பைப்லைனும், அதில் நேரடியாக இணைந்த மின் நிலையமும், மணிவாரி ஓட்டத்தைப் பாதிக்கும் மாற்றம் எது வந்தாலும் ஒருவருக்கொருவர் சொல்வதற்கு ஒரு நடைமுறையை முன்கூட்டியே வகுத்துக்கொள்ள வேண்டும். ஓ.எஃப்.ஓ. மாதிரி முக்கிய நோட்டீஸை பைப்லைன் மின் நிலையத்துக்கும் கிரிட் இயக்குபவருக்கும் அனுப்ப வேண்டும். ஆக, உங்கள் பிளாண்டுக்கும் பைப்லைனுக்கும் இடையில் அப்படி ஒரு காகிதம் எங்கோ ஒரு ஃபைலில் இருக்கத்தான் செய்யும். நோட்டீஸ் எந்த முகவரிக்குப் போக வேண்டும் என்பது அதில்தான் இருக்கும். ஏஜென்ட்டின் முகவரி மட்டும் கொடுத்திருந்தால் ஏஜென்ட்டுக்கு மட்டும்தான் போகும். நாளைக்கே தேடி எடுங்கள்.

கிரிட் மேசை ஏன் வாயைத் திறக்கவில்லை? அவர்கள் மேல் கோபப்படாதீர்கள். 2013 நவம்பரில் வந்த 787-ஆம் ஆணை, பைப்லைனும் கிரிட் இயக்குபவரும் பொதுவில் வெளியிடாத இயக்கத் தகவல்களைத் தங்களுக்குள் பகிர்ந்துகொள்ளலாம் என்று அனுமதித்தது. அனுமதிதான், கட்டாயம் இல்லை. அதோடு ஒரு நிபந்தனை: அப்படிக் கிடைத்த தகவலை மூன்றாவது ஆளுக்கோ தங்கள் சொந்தக் குழும நிறுவனத்துக்கோ கடத்தக் கூடாது. மின் நிலையம் என்பது சந்தையில் விலை கேட்கும் ஆள். உங்களுக்குச் சொல்லி உங்கள் போட்டியாளருக்குச் சொல்லாவிட்டால் அது அநியாயம் இல்லையா? அதனால் பைப்லைன் எங்கே இறுக்கமாக இருக்கிறது என்று கிரிட் மேசைக்குத் தெரிந்தே இருந்தாலும் உங்களிடம் சொல்ல மாட்டார்கள். அவர்கள் வழியாகச் செய்தி வரும் என்று நீங்கள் காத்திருந்தால் அது வரவே வராது. நீங்களும் பைப்லைனும் நேரடியாகப் பேசிக்கொள்ள எந்தத் தடையும் இல்லை. அந்த வழியைத் திறந்து வைத்திருப்பது உங்கள் வேலை. ஏஜென்ட் வேலை இல்லை.

இனி அந்த மணிவாரிக் கேள்வி. இதைத்தான் நான் தொண்டை வற்றக் கத்திக்கொண்டிருக்கிறேன்.

உங்கள் பிளாண்ட் முழு லோடில் மணிக்கு ஏறக்குறைய 4,000 டெக்காதெர்ம் (கேஸை அளக்கும் வெப்ப அலகு) எரிக்கும். நாளில் 16 மணி நேரம் ஓடினால் 64,000. ஏஜென்ட் 64,000 என்று நாமினேட் செய்கிறார், அதாவது அந்த நாளுக்கு இவ்வளவு வேண்டும் என்று பைப்லைனிடம் பதிகிறார். பைப்லைன் அதை 24-ஆல் வகுத்து மணிக்கு சுமார் 2,670 என்று எடுத்துக்கொள்ளும். நீங்கள் உறிஞ்சுவது 4,000. ஒன்றரை மடங்கு. சாதாரண நாளில் அந்த வித்தியாசத்தைக் குழாய்க்குள் ஏற்கனவே அழுத்தி வைத்திருக்கும் கேஸ் தாங்கும். அதைத்தான் லைன்பேக் என்கிறோம். ராத்திரி கம்ப்ரசரை ஓட்டி ஏற்றி வைப்போம், காலையில் எல்லோரும் எடுப்பார்கள், பகலில் மறுபடி ஏற்றுவோம். கடுங்குளிர் நாளில் வீடுகளுக்கு கேஸ் கொடுக்கும் விநியோக நிறுவனங்களும் அதே காலை ஐந்து மணிக்கு இழுப்பார்கள். அப்போது லைன்பேக்கில் மிச்சம் இருக்காது. பைப்லைன் ஓ.எஃப்.ஓ. போட்டு, நாமினேட் செய்த அளவை 24 மணி நேரத்துக்கும் சமமாக எடுங்கள் என்று சொல்வது அந்த நிலையில்தான்.

கல்யாணச் சமையலுக்கு மொத்தம் ஆயிரம் இலை என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தால் மாஸ்டர் என்ன செய்வார்? முதல் பந்திக்கு எத்தனை பேர் என்று தெரிந்தால்தானே அடுப்பு மூட்ட முடியும். கேஸ் கன்ட்ரோலர் நிலைமையும் அதேதான். மின்சாரம் போல கேஸ் சட்டென்று வந்து நிற்காது. குழாய்க்குள் அது மணிக்கு 20, 30 மைல் வேகத்தில்தான் நகரும். நாலு மணிக்கு உங்களுக்கு வேண்டும் என்றால், முந்தின நாள் சாயங்காலமே மேலே இருக்கும் கம்ப்ரசர் ஸ்டேஷன்களில் வேலை தொடங்கியிருக்க வேண்டும். நீங்கள் மூன்றே முக்காலுக்கு போன் செய்தால் அந்தக் கன்ட்ரோலர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் செய்வதற்கு ஒன்றும் இல்லை.

இன்னொரு சிக்கல் கடிகாரத்தில் இருக்கிறது. மின்சார நாள் நள்ளிரவில் தொடங்குகிறது. கேஸ் நாள் அமெரிக்க மத்திய நேரம் காலை ஒன்பதுக்கு, உங்கள் ஊர்க் கணக்கில் பத்து மணிக்கு. குளிர்கால உச்ச லோடு காலை ஏழு எட்டு மணிக்கு வருகிறது. அதாவது கேஸ் நாளின் கடைசி மணி நேரங்களில், அன்றைய அளவு தீர்ந்துகொண்டிருக்கும்போது. நீங்கள் "பத்து மணி வரை சமாளித்தோம்" என்று எழுதியதைப் படித்ததும் சிரமமே இல்லாமல் புரிந்தது. பத்து மணிக்குப் புது கேஸ் நாள், புது அளவு.

இதைச் சரிசெய்ய 2014-இல் ஃபெர்க் ஒரு யோசனை வைத்தது: கேஸ் நாளை மத்திய நேரம் அதிகாலை நாலு மணிக்கு மாற்றலாம் என்று. கிணறுகளில் வேலை செய்பவர்களை இருட்டில் அனுப்புவது ஆபத்து என்று உற்பத்தியாளர்கள் எதிர்த்தார்கள். அதில் நியாயம் இருந்தது. 2015 ஏப்ரலில் வந்த 809-ஆம் ஆணை கேஸ் நாளைத் தொடவில்லை. பதிலாக, முந்தின நாள் நாமினேஷன் கெடுவை மத்திய நேரம் பதினொன்றரையிலிருந்து மதியம் ஒரு மணிக்குத் தள்ளியது, நாளுக்குள் திருத்த மூன்றாவது வாய்ப்பு ஒன்றைச் சேர்த்தது. பிஜேஎம் தன் முந்தின நாள் மார்க்கெட் முடிவை கிழக்கு நேரம் ஒன்றரைக்குத் தருகிறது. நாமினேஷன் கெடு உங்கள் நேரம் இரண்டு மணி. நடுவில் அரை மணி நேரம்! கேஸ் வியாபாரமோ பெரும்பாலும் காலையிலேயே முடிந்துவிடும். எவ்வளவு ஓடப்போகிறோம் என்று தெரியும் முன்பே கேஸை வாங்க வேண்டியிருக்கிறது.

நாளுக்குள் திருத்தும் கடைசி வாய்ப்பு மத்திய நேரம் இரவு ஏழு மணி, உங்களுக்கு எட்டு. அதன் பிறகு அந்தக் கேஸ் நாளுக்கு வழக்கமான கதவு எதுவும் கிடையாது. கிரிட் மேசை உங்களைக் கூப்பிட்டது பதினொன்றரைக்கு. கதவு மூடி மூன்றரை மணி நேரம் ஆகிவிட்டது. சில பைப்லைன்கள் அதற்குப் பிறகும் மணிக்கு மணி மாற்றம் ஏற்றுக்கொள்ளும். உங்கள் பைப்லைன் அப்படியா என்று குளிர் வருவதற்கு முன்பே கேட்டு வையுங்கள்.

2022 கிறிஸ்துமஸ் சமயத்தில் வந்த எலியட் புயலில் இது எங்கே கொண்டுபோய் விட்டது என்று பார்த்தோம். டிசம்பர் 24 காலை பிஜேஎம்மில் சுமார் 46,000 மெகாவாட் திறன் கையில் இல்லை, பெரும்பகுதி கேஸ் நிலையங்கள். அந்த நிறுத்தங்களில் 92 சதவீதம் ஒரு மணி நேரத்துக்கும் குறைவான முன்னறிவிப்போடு, அல்லது முன்னறிவிப்பே இல்லாமல் வந்தவை என்று பிஜேஎம் பிறகு சொன்னது. அந்த எண்ணை நான் மறக்கவே மாட்டேன். எல்லா மெஷினும் கேஸ் இல்லாமல் நிற்கவில்லை, உறைந்துபோய் நின்றவையும் ஏராளம். ஆனால் முடியாது என்று முந்தின ராத்திரியே சொல்லியிருக்கக்கூடியவர்கள் எத்தனை பேர்? கிரிட் மேசைக்கு அந்தத் தகவல் ஆறு மணி நேரம் முன்பு கிடைத்திருந்தால் வேறு மெஷினைச் சூடேற்றியிருப்பார்கள்.

---

ஹூஸ்டன்வாசி

அக்கா எழுதியது மாநிலம் தாண்டும் பைப்லைன்களுக்கு. டெக்சாஸ் கதை வேறு, அதையும் இங்கே பதிந்துவைக்கிறேன். இங்கே கேஸ் பெருமளவு மாநிலத்துக்குள்ளேயே ஓடும் குழாய்களில் வருகிறது. அவை ஃபெர்க்கின் கீழ் இல்லை, டெக்சாஸ் ரயில்ரோடு கமிஷனின் கீழ். பெயரைப் பார்த்து ரயில் என்று நினைக்க வேண்டாம், எண்ணெய்க்கும் கேஸுக்கும் அவர்கள்தான்.

மாநிலத்துக்குள் ஓடும் பெரிய பைப்லைன்களும் தினசரி ஓட்டத்தைப் பொதுவில் போட வேண்டும் என்று ஃபெர்க் 2008-இல் 720-ஆம் ஆணை மூலம் முயற்சி செய்தது. 2011-இல் ஐந்தாவது சர்க்யூட் நீதிமன்றம் உங்களுக்கு அந்த அதிகாரம் இல்லை என்று ரத்து செய்துவிட்டது. அதனால் பென்சில்வேனியாவில் யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்க்கக்கூடிய தகவல், இங்கே தெரிந்தவர்களிடம் கேட்டால்தான் கிடைக்கும்.

2021 பிப்ரவரி யூரி புயலில் நான் ஹூஸ்டனில்தான் இருந்தேன். வீட்டில் கரண்ட் இல்லை, குழாய் உறைந்து வெடித்தது, அதெல்லாம் எல்லோருக்கும் நடந்தது. பின்னால் ஃபெர்க்கும், கிரிட் நம்பகத்தன்மையைக் கவனிக்கும் நெர்க் அமைப்பும் சேர்ந்து வெளியிட்ட அறிக்கையைப் படித்தபோதுதான் வயிறு கலங்கியது. கிரிட்டைக் காப்பாற்ற, டெக்சாஸ் கிரிட்டை இயக்கும் எர்காட் 20,000 மெகாவாட் வரை லோடை வெட்டச் சொன்னது. வெட்டிய ஃபீடர்களில், அதாவது மின் விநியோகத் தடங்களில் சில, கேஸ் கிணறுகளுக்கும் சுத்திகரிப்பு ஆலைகளுக்கும் கம்ப்ரசர்களுக்கும் போகிற ஃபீடர்கள்! அங்கே கரண்ட் போனதும் கேஸ் குறைந்தது. கேஸ் குறைந்ததும் மின் நிலையம் நின்றது. நின்றதும் இன்னும் லோடு வெட்டினார்கள். அந்த இடங்கள் முக்கியமானவை என்று மின் விநியோக நிறுவனத்திடம் யாரும் பதிந்து வைக்கவில்லை. ஒரு படிவம் நிரப்பிக் கொடுக்க வேண்டியதுதான். பலர் கொடுக்கவில்லை, பலருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. பிப்ரவரி 15 அதிகாலை, 60 ஹெர்ட்ஸில் இருக்க வேண்டிய ஃப்ரீக்வென்சி 59.4-க்குக் கீழே நாலு நிமிடத்துக்கும் மேல் நின்றது. ஒன்பது நிமிடம் ஆகியிருந்தால் மெஷின்கள் தாமாகக் கழன்றிருக்கும், மாநிலம் முழுக்க இருள். இருநூறுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின.

இத்தனைக்கும் 2011 பிப்ரவரியில் இதே டெக்சாஸில் இதே மாதிரி ஒரு குளிர் வந்து, இதே மாதிரி அறிக்கை எழுதினார்கள். யூரிக்குப் பிறகு மூன்றாவது செனட் மசோதா என்ற சட்டம் வந்தது. கேஸ் சங்கிலியில் எது எது முக்கியம், அதற்கு எந்த ஃபீடர் என்று வரைபடமே போட்டார்கள். அந்த வரைபடத்தைப் பத்து வருடம் முன்னாடி போட்டிருக்கலாம்.

கொங்கு_டர்பைன், உங்கள் பைப்லைனின் கம்ப்ரசர் ஸ்டேஷன்களில் மின்சாரத்தில் ஓடுவது எது என்று தெரியுமா? அது எந்த ஃபீடரில் இருக்கிறது? கேட்டுப் பாருங்கள். கேட்பதே ஒரு வேலை நடந்த மாதிரி, ஏனென்றால் பதில் சொல்ல அவர்களும் தேடிப் பார்க்க வேண்டிவரும்.

---

கொங்கு_டர்பைன்

அக்கா, ஹூஸ்டன் அண்ணா, இரண்டு பேருக்கும் நன்றி. ஃபைலைத் தேடி எடுத்துவிட்டேன். அக்கா சொன்ன காகிதம் இருக்கிறது. அதில் பிளாண்ட் தொடர்பு எண் என்று போட்டிருப்பவர் வேலையை விட்டுப் போய் ரொம்ப நாள் ஆகிறது. மின்னஞ்சல் ஏஜென்ட்டுடையது.

அடுத்த சந்தேகம். பைப்லைன் கேஸ் கன்ட்ரோலைக் கூப்பிட்டால் சரியாக என்ன சொல்ல வேண்டும்? எவ்வளவு சொல்லலாம்? எங்கள் ஓட்டத் திட்டம் வெளியே தெரிந்தால் விலை விஷயத்தில் பாதிப்பு வரும் என்று வணிகப் பிரிவு பயப்படுகிறது. மேலாளரும் அதைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறார்.

---

குழாய்வழி

உங்கள் வணிகப் பிரிவுக்கு இரண்டு விஷயம் சொல்லுங்கள். கேஸ் கன்ட்ரோலர் கேஸ் விற்பவர் அல்ல. பைப்லைனின் இயக்கப் பிரிவும் அதன் குழுமத்தில் கேஸ் வியாபாரம் செய்யும் பிரிவும் தகவல் கலக்கக் கூடாது என்று ஃபெர்க்கின் நடத்தை விதிகள் இருக்கின்றன. அடுத்து, நீங்கள் விலையைச் சொல்லப் போவதில்லை. எத்தனை மணிக்கு எவ்வளவு எடுப்பீர்கள் என்பதைத்தான் சொல்கிறீர்கள். மீட்டர் அவர்களுடையது, எடுத்த மறு நிமிடம் அவர்களுக்குத் தெரியத்தான் போகிறது. முன்னால் சொன்னால் உதவி செய்வார்கள். பின்னால் தெரிந்தால் அபராதம் போடுவார்கள்.

எனக்கு ராத்திரி வந்த போன்களில் உருப்படியானது எப்படி இருக்கும் என்றால்: "இன்னார் பிளாண்ட், இன்ன மீட்டர் நம்பர். இப்போது எடுப்பது மணிக்கு 1,900. அதிகாலை மூன்று மணிக்கு இரண்டாவது மெஷினைக் கொளுத்துகிறோம். மூன்றிலிருந்து நாலு வரை படிப்படியாக ஏறி 4,000-க்கு வருவோம், காலை பத்து வரை அப்படியே. இன்லெட்டில் எங்களுக்கு 430-க்குக் கீழே போகக் கூடாது. முடியுமா, முடியாதா?" அவ்வளவுதான். ஒரு நிமிடம்கூட ஆகாது. அந்தக் கடைசிக் கேள்வியைப் பலர் கேட்க மாட்டார்கள். தகவல் சொல்லிவிட்டு வைத்துவிடுவார்கள். கேளுங்கள். கன்ட்ரோலர் தன் திரையில் அந்தப் பகுதியின் பிரஷரைப் பார்ப்பார், ஷிஃப்ட் மேற்பார்வையாளரிடம் ஒரு வார்த்தை கேட்பார், பிறகு "3,200 வரை தாங்கும், அதற்கு மேல் உத்தரவாதம் தர முடியாது" என்பார். அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இத்தனையும். அடுத்த போன் கிரிட் மேசைக்கு: "நாலு மணிக்கு 600 கேட்டீர்கள். எங்களிடம் இருக்கும் கேஸுக்கு 480 தான் தர முடியும்." மெகாவாட்டில் சொல்லுங்கள், டெக்காதெர்மில் சொன்னால் அவர்கள் மாற்றிக் கணக்கு போட்டுக்கொண்டிருப்பார்கள். உங்கள் பிளாண்டின் சொந்த நிலவரத்தை நீங்கள் சொல்ல எந்த விதியும் தடுக்கவில்லை. சொல்லாமல் விடுவதுதான் பிரச்சினை.

மணிவாரிக் கணக்கை ஒரு தாளில் 24 கட்டம் போட்டு, முந்தின நாள் மார்க்கெட் முடிவு வந்ததுமே பைப்லைனுக்கு அனுப்பிவிடுங்கள். கட்டம் கேஸ் நாள்படி பத்து மணியில் தொடங்கட்டும், நள்ளிரவில் அல்ல. மாறினால் மாற்றி அனுப்புங்கள். அப்புறம் ஷிஃப்ட் மாறுகிற நேரம். காலை ஆறு, மாலை ஆறு என்று இரண்டு பக்கமும் ஒரே சமயத்தில் ஆள் மாறுகிற இடங்களில் நிறைய விட்டுப்போகும். ஐந்தரைக்குச் சொன்னது ஆறரைக்கு வந்தவருக்குத் தெரியாது. எழுத்தில் ஒரு வரி அனுப்பிவிட்டால் அது நிற்கும்.

---

கிரிட்மேசை

நியூ இங்கிலாந்து பக்கம் கிரிட் இயக்கத்தில் இருந்தவன். அக்கா சொல்வது அத்தனையும் சரி, ஆனால் ஒரு மாற்றுக்கருத்து.

2004 ஜனவரி நடுவில் எங்களுக்கு மூன்று நாள் கடுங்குளிர். குளிர்கால லோடு சாதனை அளவுக்குப் போனது, கேஸ் நிலையங்கள் வரிசையாக இல்லை என்றன. அப்போது முதல் இருபது வருடமாகப் பேச்சுத் தொடர்பைச் சரிசெய்துகொண்டே இருக்கிறோம். நன்றாகவே முன்னேறியிருக்கிறது. பைப்லைன் கன்ட்ரோல் ரூமோடு தினமும் பேசுகிறோம், 21 நாளுக்கு எரிபொருள் முன்கணிப்பு போடுகிறோம், எண்ணெய் டேங்கில் எவ்வளவு இருக்கிறது என்றுகூடக் கேட்டு வாங்குகிறோம்.

ஆனால் பேசினால் கேஸ் கூடிவிடாது. அல்கான்குவின், டென்னசி என்ற இரண்டு பெரிய குழாய்களின் உறுதி ஒப்பந்தம் பெரும்பாலும் வீடுகளுக்கு கேஸ் கொடுக்கும் நிறுவனங்களிடம் இருக்கிறது. மின் நிலையங்களில் பல, மீதி இருந்தால் எடுத்துக்கொள்கிறேன் என்ற வகை. கடுங்குளிரில் மீதி ஏது? கொங்கு_டர்பைன், உங்கள் ஒப்பந்தம் உறுதியா, இடையில் நிறுத்தக்கூடியதா? அதை முதலில் பாருங்கள். இரண்டாவது வகை என்றால் 24 கட்டத் தாள் போட்டாலும் அந்த அதிகாலையில் அவர்கள் உங்களைத்தான் முதலில் வெட்டுவார்கள். டீசலில் ஓட்டும் வசதி இருக்கிறதா என்பது அடுத்த கேள்வி.

---

குழாய்வழி

கிரிட்மேசை சொல்வது உண்மை, மறுக்க மாட்டேன். உறுதி ஒப்பந்தம் இல்லாதவர் வரிசையில் கடைசி. ஆனால் வெட்டப் போகிறார்கள் என்பதாவது முந்தின சாயங்காலமே தெரிய வேண்டாமா? டீசலுக்கு மாறுவதற்கும் நேரம் வேண்டும், கிரிட் வேறு மெஷினைத் தேடவும் நேரம் வேண்டும். எலியட் சமயத்தில் யுடிகா என்ற கேஸ் படுகையின் உற்பத்தி பாதிக்கும் மேல் விழுந்தது. உறுதி ஒப்பந்தம் வைத்திருந்தவர்களுக்கும் கேஸ் வந்து சேரவில்லை. நியூயார்க்கில் வீடுகளுக்குப் போகும் கேஸ் வலையிலேயே பிரஷர் இறங்கி, அங்கே கேஸ் விநியோகிக்கும் கான் எடிசன் தன் எல்.என்.ஜி. (திரவமாக்கிய கேஸ்) இருப்பைத் திறந்துவிட வேண்டிவந்தது. அந்த வலை ஒரு தடவை விழுந்தால் வீடு வீடாகப் போய் ஹீட்டரின் பைலட் சுடரைப் பற்றவைத்து மீட்க மாதக்கணக்கில் ஆகும். அப்படிப்பட்ட காலையில் ஒரு மின் நிலையம் சொல்லாமல் கொள்ளாமல் ஒன்றரை மடங்கு இழுத்தால், அந்தப் பிரஷர் எங்கிருந்தோ போகிறது. யாரோ ஒருவர் வீட்டு ஹீட்டரிலிருந்து போகிறது. நான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்வது அதனால்தான்.

தம்பிக்கு இன்னொன்று, இதை விட்டுவிட்டேன். நீண்ட வார இறுதிகளை நாள்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை காலை கேஸ் சந்தை சனி, ஞாயிறு, திங்கள் மூன்று நாளுக்கும் சேர்த்து வாங்கும். திங்கள் விடுமுறை என்றால் செவ்வாயும் சேர்ந்து நாலு நாள். நாலு நாளும் ஒரே அளவு! யூரி வந்தது பிரசிடென்ட்ஸ் டே வார இறுதியில், எலியட் வந்தது கிறிஸ்துமஸ் வார இறுதியில். சனிக்கிழமை ராத்திரி கூடுதல் கேஸ் வேண்டும் என்றால் விற்பவர் போனை எடுக்க மாட்டார். 2023 ஜூலையில் நேஸ்பி மன்றம் 20 பரிந்துரைகள் கொடுத்தது, விடுமுறையிலும் கேஸ் பக்கம் ஆள் இருக்க வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. 2024 ஜனவரியில் மார்ட்டின் லூதர் கிங் வார இறுதியில் அடுத்த குளிர் வந்தபோது நிலைமை எவ்வளவோ மேல். கிரிட் இயக்குபவர்கள் யாரும் லோடு வெட்ட வேண்டிவரவில்லை.

---

கொங்கு_டர்பைன்

கிரிட்மேசை சார், பார்த்துவிட்டேன். பாதி உறுதி, பாதி நிறுத்தக்கூடியது. டீசல் வசதி இல்லை. மேலாளரிடம் அந்த 92 சதவீதத்தைக் காட்டினேன், கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. தொடர்பு எண்ணை மாற்றக் கையெழுத்து போட்டுக் கொடுத்துவிட்டார். பைப்லைன் நோட்டீஸ் இனி கன்ட்ரோல் ரூமுக்கே நேராக வரும், ஏஜென்ட்டுக்கும் போகும். அடுத்த வாரம் பைப்லைன் கேஸ் கன்ட்ரோலில் இருந்து இருவர் எங்கள் பிளாண்டைப் பார்க்க வருகிறார்கள். அக்கா, அவர்களிடம் முதலில் எதைக் காட்ட வேண்டும்?

---

குழாய்வழி

கேஸ் யார்டுக்குக் கூட்டிப் போங்கள். பிரஷர் எவ்வளவு குறைந்தால் மெஷின் தானாக லோடைக் குறைக்கும், எங்கே ட்ரிப் ஆகும் என்று இரண்டு எண்ணையும் எழுதிக் கையில் கொடுங்கள். ஸ்டார்ட் செய்யும்போது கேஸ் ஓட்டம் எப்படி ஏறுகிறது என்ற டிரெண்டைத் திரையில் ஓட்டிக் காட்டுங்கள், பல கன்ட்ரோலர்கள் அதை அந்தப் பக்கத்திலிருந்து பார்த்ததே இல்லை. ராத்திரி ஷிஃப்ட் ஆபரேட்டரையும் அன்றைக்கு வரச் சொல்லுங்கள். குளிரில் போன் எடுக்கப் போவது அவர்தான்.